உப்புக் காற்றில் நாலு வருடம்: என் ரோடு பைக் சக்கரங்கள்

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் போய்த் திரும்புவது என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். போக வர 90 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், மேடே கிடையாது. சமதரைக்கு உயரமான ரிம்தான் வேகம் என்று நம்பி, முதலில் 50 மி.மீ. உயர கார்பன் சக்கரம் வாங்கினேன். ஆடி மாதம் பாம்பன் பாலத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. கடலைப் பார்க்க நிறுத்திய வேன்கள் காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது ஒரு வேனைத் தாண்டிய நொடியில் தெற்குக் காற்று முன்சக்கரத்தை நடுரோட்டுக்குத் தள்ளியது, எதிரே பஸ். அந்த மாதமே விற்றுவிட்டேன்.

இப்போது ஓடுவது 30 மி.மீ. உயர அலுமினிய ரிம், உள் அகலம் 19 மி.மீ. இதில் 28 மி.மீ. அகல டயரைப் போட்டால் அளந்து பார்க்கையில் 30 வருகிறது. என்னுடையது ரிம் பிரேக் வண்டி, பிரேக் கட்டை ரிம்மின் பக்கத்தையே பிடித்து நிறுத்தும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் டயரில் ஒட்டிய மணல் பிரேக்கின் அடியில் கறகறவென்று உரசும். 25-க்கு இறங்கினேன், அதுவே 27 அளவு விரிந்து நிற்கிறது. எனக்கு 75 கிலோ எடை. முன்னால் 75, பின்னால் 80 பிஎஸ்ஐ காற்று.

டயர் பக்கவாட்டில் 25-622 என்று இருக்கும். 25 அகலம்; 622 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ. அந்த 622-ஐப் பார்த்து வாங்குங்கள். முன்பு 28 டயர் ஓடிய நாளில் ஒருமுறை அவசரத்துக்குக் கடைக்குப் போனேன். "28 தானே தம்பி, இருக்கு" என்று கடை பாய் எடுத்து நீட்டியது நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் டயர். அதன் அளவு 635. நம் ரிம்மில் வளையல் மாதிரி தொளதொளக்கும்.

உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் ரோடெல்லாம் சிந்திவிட்டுப் போகும். முள் முனை உடைந்து டயருக்குள்ளேயே இருந்துவிடும். ட்யூப் மாற்றும்போது உள்பக்கம் விரலால் தடவி, ஊக்கால் குத்தி எடுக்காவிட்டால் பத்து கிலோமீட்டரில் அடுத்த பஞ்சர். ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ்ஸும் பார்த்தேன். வெயில் காலத்தில், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் இரண்டே மாதத்தில் ரப்பர் தோலாகக் காய்ந்துவிட்டது. சரி, வேண்டாம் என்று பஞ்சரைத் தாங்கும் கேட்டர்ஸ்கின் டயரும் ட்யூபுமாகத் திரும்பிவிட்டேன். எடை கொஞ்சம் கூடுதல். ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று பஞ்சரோடு போகிறது.

இரண்டாம் வருடம் பின்சக்கரம் கோட்டம் விழுந்தது. ஸ்போக் கம்பியை முறுக்கப் போனால், அதை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டான நிப்பிள் மாவாக உதிர்ந்தது, உள்ளே வெள்ளைப் பொடி. வாங்கும்போது நிப்பிள் அலுமினியம் என்று யாரும் சொல்லவில்லை. உப்புக் காற்றில் எஃகுக் கம்பியோடு சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். எல்லாவற்றையும் பித்தளையாக மாற்றினேன், அப்புறம் தொந்தரவில்லை. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றுகிறேன்.

பின் ரிம்மில் தேய்மானம் காட்டும் சின்னக் குழி இப்போது விரலுக்கே தட்டுப்படவில்லை. மணல் தேய்த்துவிட்டது. அதே அளவு ரிம் சொல்லியிருக்கிறேன்; ஹப்பும் கம்பியும் பழசேதான்.