தலைக்கணக்கு, நாள்கூலி, இ.டி.சி.: கெட்டுப்போன காட்டை மீட்க எந்தக் கூலி சரி?

காடு கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். எந்த மரத்தை நடுவது, எந்தச் செடியைப் பிடுங்குவது என்று நிறையப் பேசுகிறோம். கூலியை எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். கேரளத்தின் இடுக்கி மலையில், மறையூர், வட்டவடைப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்களோடு பழகியதில் எனக்குப் பட்டது, காடு திரும்பி வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதனால் மூன்று முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: பிடித்த வண்டின் தலையை எண்ணிக் காசு கொடுக்கும் தலைக்கணக்கு, நாள்கூலி, ஊர்க்குழுவிடம் வேலையை ஒப்படைக்கும் இ.டி.சி.

முதலில் தலைக்கணக்கு. இதற்கு நம் நாட்டில் தெளிவான உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பக்கத்துச் சால் மரக் காடுகள். 1990களின் பிற்பகுதியில் சால் துளைப்பான் வண்டு அங்கே ஏராளமான மரங்களைக் கொன்றது. முதல் மழையோடு வெளியே வரும் வண்டு இது. பட்டை இடுக்கில் முட்டையிடும், புழு மரத்தின் நடுக்கட்டையான வைரம் வரைக்கும் குடைந்துகொண்டு போகும். அடிமரத்தில் மரத்தூள் குவிந்து கிடப்பது கண்ணில் படும்போது பல மரங்களுக்குக் காலம் கடந்திருக்கும். மருந்து தெளித்தால் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது.

ஆனால் புதிதாக வெட்டிய சால் மரத்தின் சாறு என்றால் இந்த வண்டுக்கு உயிர். மரத்தைத் துண்டு போட்டு, பட்டையை நசுக்கி வைத்தால் வாசனை பிடித்துப் பறந்து வரும், குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பொறுக்கி, தலையைக் கிள்ளி, தலைகளை எண்ணிக் காட்டிக் காசு வாங்கினார்கள். எனக்கு இந்த முறை மேல் மதிப்பு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம். முட்டையிடும் முன்பே வண்டைப் பிடித்தாக வேண்டிய அவசரத்துக்கு இந்த வேகம் சரியாகப் பொருந்துகிறது.

சரி, வண்டு தீர்ந்த பிறகு? அங்கேதான் தலைக்கணக்கு கைவிடுகிறது. சால் விதை மழை தொடங்கும் நேரத்தில் உதிரும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைப்புத் திறனை இழக்கும். மூட்டை கட்டி வைத்து அடுத்த வருஷம் நாற்றங்காலில் போட முடியாது. தானாக முளைத்த கன்றையும் வெட்டிய அடியிலிருந்து வரும் துளிரையும் தீயும் மாடும் தொடாமல் பல வருஷம் காக்க வேண்டும். அந்த வேலையில் எண்ணிக் காட்ட எதுவும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தாக்கியது. அந்த அளவுக்குப் போனால் பொறுக்குகிற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் பக்கத்துக் கேடு வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரமும் புல்மேடுகளை மூடிவிட்டன. வட்டவடைக்கு அருகே, ஆனமுடி சோலை தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில் 2019இல் தீ பிடித்து இந்த மரங்கள் எரிந்தன. மரம் போனது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் மொத்தமாக முளைக்கும். எரிந்த இடத்தில் மழை பெய்ததும் கீரைப்பாத்தி மாதிரி சீகைக் கன்று எழும்பும். உள்ளே தூங்குகிற புழுவும் மண்ணுக்குள் தூங்குகிற விதையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்: ஒரு தடவை வேலை செய்துவிட்டுப் போனால் தோற்றோம்.

இதற்கு இரண்டாவது முறையான நாள்கூலி எவ்வளவு உதவும்? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை, கேரளத்தில் தொழிலுறப்பு என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம்தான் இது. 2005இல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்று வைத்தது. 2025-26இல் கேரளத்தில் நாளுக்கு 369 ரூபாய், மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 336 ரூபாய் என்று இருந்தது. கேரளத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று வாங்கிப் பழகியவர்களுக்கு, ஆணோடு சமமாக, சொந்தக் கணக்கில் பணம் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. இந்த முறையைக் குறை சொல்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மழைக்குழி வெட்ட, கோடைக்கு முன் ஃபயர் லைன் (தீ பரவாமல் தடுக்கச் செடி கொடியை அகற்றிய பட்டை) போட, நடைபாதை சீர் செய்ய நாள்கூலி நன்றாகவே போதும். சீகை பிடுங்கத்தான் போதாது. அளவு எடுக்க வருகிறவர் பரப்பை அளப்பார், வேரை அளக்க மாட்டார். வேரோடு பிடுங்கினாலும் அதே கூலி, மேலாக ஒடித்தாலும் அதே கூலி. ஒடித்த கன்று அடுத்த மழையில் துளிர்த்து நிற்கும். இதில் வேலைக்காரர்கள் மேல் தப்பு இல்லை, அடுத்த வருஷம் இதே மேட்டுக்கு இதே ஆட்கள் வருவார்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அப்புறம், பூண்டு நடவும் சீகை முளைப்பும் ஒரே மழையில் வந்தால் ஆள் நிலத்துக்குத்தான் போவார்கள். போகத்தான் வேண்டும்.

மூன்றாவது, பழத்தோட்டத்தில் நடந்தது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு, பேச்சு வழக்கில் இ.டி.சி., வனத்துறையோடு சேர்ந்து எரிந்த மேட்டைக் கையில் எடுத்தது. கன்றுகளைப் பிடுங்கினார்கள், பக்கத்து மேட்டிலிருந்து நாட்டுப் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள், மறுபடி போய் முளைத்ததைப் பிடுங்கினார்கள். ஒரே கைகள் ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போவதால் எந்த மடிப்பில் சீகை அதிகம் வரும், எந்தப் புல் எந்த ஈரத்தில் பிடிக்கும் என்பது அவர்களுக்குக் கையோடு வந்துவிடுகிறது. இதை வேலைக்கு வந்தவர் பெயரைப் பதியும் எந்த மஸ்டர் ரோலிலும் எழுத முடியாது. புல் பிடித்தால் மழை மண்ணில் இறங்கும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறாக ஓடி அமராவதி அணைக்குப் போகிறது, உடுமலைப் பக்கத்து வயலுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இந்த முறையிலும் குறை உண்டு. குழுவின் உயிர் பெரும்பாலும் ஒரு திட்டத்தின் பணத்திலும் ஒரு நல்ல அதிகாரியின் அக்கறையிலும் தொங்குகிறது. அவர் மாற்றலாகிப் போய், திட்டக் காலமும் முடிந்தால், நான்காவது மழைக்கு யார் கூலி கொடுப்பது? குழுவில் பெயர் இல்லாத குடும்பம் வெளியே நிற்பதும் நடக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான முதுவர் குடிகளைக் கேட்காமல் அவர்கள் மாடு மேய்க்கிற மேட்டைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று பிறகு சொல்வது நியாயம் இல்லை.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் இ.டி.சி.யை எடுப்பேன், தயங்காமல். ஆனால் மூன்றையும் வேலைக்கு ஏற்பப் பிரிக்க முடியும். வண்டு பறக்கும் காட்டில், அது பறக்கிற சில வாரங்களுக்குத் தலைக்கணக்கு. தை, மாசியில் ஃபயர் லைனுக்கும் மழைக்குழிக்கும் நாள்கூலி, அதில் குழுவில் இல்லாத குடும்பங்களுக்கு முதல் இடம். மழைக்குப் பிறகு கன்று பிடுங்குவதும் புல் நடுவதும் குழுவின் பொறுப்பு, ஒரு சரிவுக்கு ஒரு குழு என்று. கூலியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அடுத்த மழை முடிந்ததும் அந்தச் சரிவில் எத்தனை சீகைக் கன்று நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்னால் எண்ணிப் பார்த்துக் கொடுக்கலாம். தலைக்கணக்கில் இருந்த நேர்மை அப்படி இங்கேயும் வந்துவிடும். இதற்கு மூன்று வருஷத் திட்டம் காணாது. வட்டவடைப் பஞ்சாயத்தும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் குறைந்தது பத்து மழைக்குப் பணம் எழுத வேண்டும், அதுவும் அடுத்த வைகாசிக்கு முன்பே.