ஏற்காடு மலைப்பாதையில் கூடுதல் விளக்குகள்: மூன்று ஆண்டு அனுபவம்

காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் எனக்கு வேலை பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். பகலில் பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்யும். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எனக்கு ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூரிலிருந்தோ வாழவந்தியிலிருந்தோ அழைப்பு வரும். போய்ப் பழுது பார்த்து, கருவிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் இரவு பத்தாகிவிடும். பறிப்புக் காலமும் பனிமூட்டக் காலமும் ஒன்றாகவே வருவது என் ஜாதகம்.

வண்டி 2019-இல் வாங்கிய 150 சிசி பைக். முன்விளக்கில் 35 வாட் ஹாலஜன் பல்பு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எல்லா இருசக்கர வண்டிகளையும் போல, இஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. சேலம் நகருக்குள் ஐந்து ரோட்டு வெளிச்சத்தில் அந்த 35 வாட் தாராளம். அடிவாரம் தாண்டி மரநிழலுக்குள் ஏறிவிட்டால், அகல் விளக்கை ஏந்திக்கொண்டு போவது போலத்தான்.

அதனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் தலா 20 வாட் எல்இடி விளக்கு இரண்டு வாங்கி, இஞ்சினைக் காக்கும் முன்பக்கக் கம்பியான கிராஷ் கார்டில் மாட்டினேன். ஜோடி 4,200 ரூபாய். இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் முதல் ஆறு மாதம் முழுக்க என் தவறுகளின் காலம்.

முதல் தவறு, தூரம் அடிக்கும் குறுகிய கற்றை விளக்கைத் தேர்ந்தெடுத்தது. ஓமலூர் பக்கம் நேரான நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. மலையில் கதை வேறு. வண்டியின் முன்விளக்கு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். கிராஷ் கார்டில் மாட்டிய விளக்கு திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் நான் வலப்பக்கம் ஒடிக்க, அந்த இரண்டு விளக்குகளும் நேரே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்கிளை வரை தெளிவாகத் தெரிந்தது. நான் போக வேண்டிய சாலை தெரியவில்லை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது இப்படி இருபது வளைவுகள். எத்தனை முறை மரத்தை ரசிப்பது? ஆறாவது மாதம் அந்த ஜோடியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அகலமாக விரியும் கற்றை கொண்டதை வாங்கினேன். அதே 20 வாட்தான். ஆனால் வளைவின் உள்விளிம்பு, ஓரத்துக் கல், சரிந்து கிடக்கும் மண் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தன. ஒண்டிக்கடையைத் தாண்டி ஓர் இரவு, சாலையோரப் புதரில் காட்டெருமை ஒன்று நின்றதையும் இந்த அகல வெளிச்சம்தான் காட்டியது. பழைய விளக்காக இருந்திருந்தால் அதன் பக்கத்தில் போய்த்தான் அறிமுகமாகியிருப்பேன்.

இரண்டாவது தவறைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மோட்டார் வயரிங்கில் பிழைப்பவன் நான். என் வண்டிக்கு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் முன்விளக்கு வயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிட்டார்கள். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லை, ஃபியூஸ் இல்லை. இரண்டு விளக்குக்கும் சேர்த்து 40 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.3 ஆம்பியர். அவ்வளவும் அந்த மெல்லிய வயர் வழியாகவும், கைப்பிடியில் இருக்கும் விரல்நகம் அளவு ஸ்விட்ச் வழியாகவும் போயிற்று. ஸ்விட்ச் சூடாவது தெரிந்தும், பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். ஒரு மழை இரவில் இறங்கும்போது பதினோராவது வளைவுக்கருகே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. முன்விளக்கும் சேர்ந்து செத்தது. கைபேசி டார்ச்சைக் கழுத்துப் பட்டையில் செருகிக்கொண்டு, மேலிருந்து வந்த ஒரு காய்கறி வேனின் பின்னாலேயே ஒட்டி அடிவாரம் சேர்ந்தேன்.

மறுநாள் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரியை ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து ரிலே. கைப்பிடி ஸ்விட்ச் ரிலேயை இயக்க மட்டும். அதற்கான மின்சாரம் சாவி போட்டால்தான் வரும் வயரிலிருந்து. இந்தக் கடைசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரியும்படி விட்டுவிட்டால், விடியும்போது பேட்டரி காலியாகியிருக்கும். செலவு 900 ரூபாய்க்குள். அதன் பிறகு வயரிங்கில் கை வைக்கவே இல்லை.

ஒரு சிறிய வோல்ட் மீட்டரும் வைத்திருக்கிறேன். இரண்டு விளக்கும் எரிய, மலையில் இரண்டாம் கியரில் ஏறும்போது 13.8 காட்டுகிறது. இறங்கும்போதும் இஞ்சின் பிரேக்கில் சுழற்சி குறையாததால் பெரிதாக விழுவதில்லை. சிக்னலில் சும்மா நின்றால் 12.4-க்கு இறங்கிவிடும். நகருக்குள் நான் எரிப்பதில்லை என்பதால் அது எனக்குப் பிரச்சினை இல்லை. எரித்தபடியே ஊர் சுற்றுபவர்களுக்குப் பேட்டரிக் கடைக்காரர் நன்றி சொல்வார்.

பனிமூட்டத்தைப் பற்றி. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை; எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் மூடி போட்டும் போடாமலும் ஓட்டியிருக்கிறேன். மஞ்சளில் தூரம் கூடவில்லை, கண் கூசுவது குறைந்தது. அந்த ஆறுதலுக்காகவே மூடியை வைத்திருக்கிறேன். உண்மையில் உதவுவது விளக்கைத் தாழ்வாக மாட்டுவதுதான். விளக்கு கீழே இருந்தால் சிதறும் ஒளி நம் கண்ணுக்கு நேரே சுவராக எழும்பாது. ஹேண்டில்பாருக்கு அருகே உயரத்தில் மாட்டிய நண்பர் ஒருவர், பனி கவிந்ததும் தன் விளக்கை அணைத்துவிட்டு என் பின்னால் வருவார். பனியில் முன்விளக்கும் டிம்மில்தான் இருக்க வேண்டும்.

இனி, திட்டு வாங்கிய கதை. முதல் மாதம் ஏறும்போது எதிரே இறங்கிய பஸ் வளைவிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் தலையை நீட்டி, "கண்ணு, அந்த விளக்கை அணை. எனக்கு ரோடும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை" என்றார். கோபம்கூட இல்லை அவருக்கு, அதுதான் உறைத்தது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. வீட்டெதிர்ச் சுவரிலிருந்து 8 மீட்டர் அளந்து வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழேயே விழும்படி சாய்த்தேன். வெறும் வண்டியில் சரி செய்ததால் மறுபடியும் பிசகியது. பின்னால் இருபது கிலோ கருவிப் பெட்டி ஏறியதும் மூக்கு தூக்கிக்கொள்கிறது. பெட்டியைக் கட்டி, நானும் உட்கார்ந்து, மகனைக் கொண்டு திருகச் சொன்ன பிறகே சரியாக அமைந்தது. இப்போதும் எதிரே வண்டி வந்தால் கட்டைவிரல் தானாக ஸ்விட்சுக்குப் போய்விடுகிறது. ஏறுபவருக்கு வழி விடுவது மலைச் சாலை மரியாதை, கண்ணையும் விட்டுவைக்கலாம்.

பராமரிப்பு அதிகமில்லை. சாதாரண நட்டு அதிர்வில் கழன்று விளக்கு தலைகுனிந்துகொண்டே இருந்தது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு போட்டதும் நின்றது. இரண்டாம் மழைக்காலத்தில் வலது விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மழையைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை நேராக அதன் மேலேயே பீய்ச்ச விட்டது நான்தான். பிரித்து, வெயிலில் காயவைத்து, சிலிகான் பூசி மூடினேன்.

சென்ற மாதம் இடது விளக்கில் பாதி எல்இடி அணைந்துவிட்டது. அதே மாதிரி இப்போது வருவதில்லை என்று கடையில் சொன்னார்கள்; வேறொன்று மாட்டியிருக்கிறேன். அது கொஞ்சம் வெளிறிய வெள்ளை, வலது பக்கம் பழைய மஞ்சள். தெருமுனையில் திரும்பும்போதே "மாறுகண்ணன் வந்துவிட்டான், சாதத்தைப் போடுங்கள்" என்கிறார் அம்மா.