இட்ச்.ஐஓ: ஓய்வு நேரத்தில் உருவான ஆன்லைன் கேமை விற்க ஏற்ற கடையா?

வேலைக்குப் போய்க்கொண்டே சொந்தமாக ஆன்லைன் கேம் செய்பவர்கள் முதலில் கடை விரிக்க, யார் வேண்டுமானாலும் தம் கேமை ஏற்றி விற்கக்கூடிய இட்ச்.ஐஓ என்ற இணையதளத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். பக்கம் திறக்கக் கட்டணம் கிடையாது. விற்பனையில் கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். எதையும் மாற்றாவிட்டால் 10%. ஸ்டீம் என்ற பெரிய கேம் கடையிலோ ஒரு கேமுக்கு 100 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், வழக்கமான பங்கு 30%.

ஆனால் இந்தக் கடை, ஆடுபவர்களை ஒன்றாக இணைக்கும் சர்வர் தராது. மல்டிபிளேயர் சர்வரை நாமேதான் வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும். வாங்குபவர் ஒருமுறை பணம் தருகிறார், சர்வர் வாடகையோ மாதாமாதம் வருகிறது. விலை வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இறக்காமல் பக்கத்திலேயே ஆடும் பிரவுசர் பதிப்பை ஏற்றும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள். ஏற்றும் ஜிப்பில், கேமைத் தொடங்கும் பக்கமான இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பு இருக்க வேண்டும். கோப்புகள் 1000-க்குள், விரித்தபின் மொத்த அளவு 500 எம்பிக்குள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு அங்கே கணக்கில் வரும். விண்டோஸில் சரியாக ஓடிய கேமில், ஏற்றியதும் படங்கள் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பக்கம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் என்பதால், கேமும் சர்வரும் பேசும் வெப்சாக்கெட் இணைப்பும் அதன் பாதுகாப்பான வடிவமான டபிள்யூஎஸ்எஸ் ஆக இருக்க வேண்டும். வெறும் டபிள்யூஎஸ் இணைப்பை பிரவுசரே தடுத்துவிடும். கேம் ஓடுவது ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்), வேறொரு டொமைனிலிருந்து. எனவே எந்தத் தளங்கள் இணையலாம் என்ற சர்வரின் அனுமதிப் பட்டியலில் இட்ச்.ஐஓ-வை மட்டும் சேர்த்தால் போதாது. இப்படி வேறு டொமைனிலிருந்து வரும் மூன்றாம் தரப்புச் சேமிப்பைத் தடுக்கும் பிரவுசரில், தகவலைப் பிரவுசரிலேயே சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜைத் தொட்டாலே பிழை வரலாம். ஆட்ட நிலையை சர்வரில் வைப்பதே பத்திரம்.

இத்தனை சிரமப்பட்டும் பிரவுசர் பதிப்பை இலவசமாகத்தான் கொடுக்கச் சொல்வோம். புது ஆன்லைன் கேமைக் கொல்வது காலி லாபி, அதாவது ஆள் இல்லாத காத்திருப்பு அறை. இலவசமாக வருபவர்களும் டவுன்லோடு பதிப்பை வாங்கியவர்களும் ஒரே சர்வரில் சேர்ந்து ஆடினால்தான் அறை நிரம்பும். அப்போதும் ஆள் குறைந்தால் கணினியே ஆடும் பாட்கள் கைகொடுக்கும். பணம் கொடுத்தவருக்குக் கூடுதல் மேப், தனி அறை திறக்கும் வசதி என்று ஏதாவது தரலாம். கடையில் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இல்லை. வாங்கியவர்தானா என்பதை வாங்கியவருக்குக் கிடைக்கும் டவுன்லோடு கீ கொண்டு, கடையின் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்கும் வழி) மூலம் நம் சர்வரே சரிபார்க்க முடியும்.

புதுப்பதிப்புகளை ஏற்ற இட்ச்.ஐஓ தரும் பட்லர் என்ற கட்டளைவரிக் கருவி அருமை. மாறிய பகுதியை மட்டும் ஏற்றுகிறது. இட்ச் செயலியில் நிறுவியவர்களுக்குப் புதுப்பதிப்பு போய்ச் சேர்ந்துவிடும். ஜிப்பாக இறக்கியவர்கள் பழையதிலேயே இருப்பார்கள். இணைந்ததும் முதல் செய்தியிலேயே கிளையண்ட் பதிப்பு எண்ணை அனுப்பி, பொருந்தாவிட்டால் 'புதியதை இறக்குங்கள்' என்று சர்வர் சொல்லட்டும். இல்லாவிட்டால் ஆட்டம் நடுவில் உறைந்துபோகும். காரணம் யாருக்கும் புரியாது.

பணம் பெற இரண்டு வழிகள். நேரடியாக நம் கணக்குக்கு வந்தால் ஐரோப்பிய வாட் வரி (விற்பனை மீதான வரி) நம் தலையில். கடை வசூலித்துப் பிறகு தரும் முறையில் அதைக் கடையே பார்த்துக்கொள்கிறது. தனி ஆளாக விற்பவருக்கு இரண்டாவதே நல்லது.