600 வெள்ளியில் மலைச் சைக்கிள்: பின்சக்கரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவின் கெத்தாம் தடத்துக்கும் புக்கிட் தீமா மலைச் சைக்கிள் தடத்துக்கும் தாக்குப்பிடிக்கிற வண்டி வேண்டும், கையில் இருப்பதோ 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இந்தக் காசுக்கு மூன்று வழிகள்தான்: இணையத்தில் விற்கும் புது முழு சஸ்பென்ஷன் வண்டி (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி), கடையில் புது ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன்), அல்லது பழைய பொருள்கள் விற்கும் காரோசல் செயலியில் பழைய, தரமான ஹார்ட்டெயில்.

முதல் வகையை நான் வாங்கித் தொலைத்தேன். பார்க்க மோட்டார்சைக்கிள் போல மிரட்டும். ஆனால் இந்த விலையில் பின் சஸ்பென்ஷன் என்பது வெறும் ஸ்பிரிங்தான். கனம் கூடும், மிதிக்கும் பலத்தையும் அது விழுங்கிவிடும். வாங்கிய எட்டாம் மாதம் கெத்தாமில் ஒரு சின்ன இறக்கத்தில் பின் அச்சு வளைந்தது. படகுத்துறை வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.

என் எடை மட்டும் காரணமில்லை. மலிவு வண்டிகளில் பின் பற்சக்கரங்கள் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) திருகி மாட்டிய ஃப்ரீவீலாக இருக்கும். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனை தாங்கலில்லாமல் நீண்டுகிடக்கும். குதிக்கும்போது அங்கேதான் வளையும். பற்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் பெரும்பாலும் ஓரத்துக்கே வந்துவிடும். பின்னால் 7 பற்சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். 9க்கு மேல் என்றால் அநேகமாகக் கேசட்.

டெகத்லானின் ராக்ரைடர், இந்தோனேசியாவின் பாலிகன் போன்ற புது ஹார்ட்டெயில்களில் ஆக மலிவானதை விட்டு ஒரு படி மேலே போங்கள். உத்தரவாதம் உண்டு, உதிரிபாகமும் கிடைக்கும். முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பழைய ரயில் தடத்தில் அமைந்த பசுமைப் பாதைக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் இது தாராளம்.

காட்டுத் தடம்தான் முக்கியம் என்றால் என் ஓட்டு பழைய வண்டிக்கு. அதே காசுக்கு ஹைட்ராலிக் பிரேக், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ஃபோர்க், கேசட் எல்லாம் சேர்ந்தே வரும். செயினை அளந்து பாருங்கள். புது செயினில் 12 முழுக் கண்ணிகள் (உள், வெளி ஜோடி சேர்ந்தால் ஒன்று) சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகியிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ஃபோர்க் குழாயில் கீறல், வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருந்தால் பேரமே வேண்டாம். அப்புறம் இருக்கைக் கம்பியைத் தளர்த்தி இழுத்துப் பாருங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே மழைச் சாரலில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியானால் கம்பி அரித்துப்போய் அசையவே அசையாது.

எல்லாம் சரி என்றாலும் எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, மடக்குச் சைக்கிளுக்குத்தான் அனுமதி. ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள். கியர் தாவுகிறதா என்பது வழியிலேயே தெரிந்துவிடும்.