லேப்டாப்புக்குள் இருக்கும் மோடமா, வெளி மோடமா? லினக்ஸில் எதற்குத் தலைவலி குறைவு

டெலிபோன் லைன் வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் கருவிதான் மோடம். பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் டெலிபோன் வயர் செருகும் ஓட்டை இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அரை மோடம்தான். சத்தத்தைத் தரவாகப் பிரிக்கிற கஷ்டமான வேலையை விண்டோஸ் டிரைவர் ப்ராசஸரை வைத்துச் செய்துகொள்ளட்டும் என்று காசு மிச்சம் பிடித்த சரக்கு. வின்மோடம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். லினக்ஸில் மீதி அரையை யார் தருவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. உள்ளே என்ன வன்பொருள் இருக்கிறது என்று பட்டியல் தரும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைப் போட்டால் 'இன்டெல் ஏசி97 மோடம்' என்று வரும், உடனே இன்டெல் டிரைவர் தேடிக் கிளம்பாதீர்கள். அது மோடத்தைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் சிப் மட்டும். எந்த டிரைவர் ஒத்துவரும் என்பதை முடிவு செய்வது மோடத்தின் சின்ன அட்டையில் உட்கார்ந்திருக்கும் கோடெக் (டெலிபோன் லைனின் சத்தத்தை எண்களாக மாற்றும் சிப்), அது எது என்று ஸ்கேன்மோடம் (scanModem) என்ற ஸ்கிரிப்ட் சொல்லும்.

ஏசி97 வகை என்றால் நான் முதலில் எஸ்எல்மோடம்டி (slmodemd) என்ற நிரலைத்தான் ஓட்டிப் பார்ப்பேன். இலவசம். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் டிரைவர் வன்பொருளைப் பிடித்துக்கொள்ள, இது மேலே உட்கார்ந்து மோடமாக நடிக்கிறது. நடிப்பு என்பதால் நிஜ சீரியல் போர்ட்டில் வரும் கேரியர் சிக்னல் (மறுமுனையோடு இணைந்தாயிற்று என்ற அறிகுறி) இதில் கிடையாது, டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் (wvdial) அமைப்பில் 'கேரியர் செக்'கை 'நோ' என்று மாற்றாவிட்டால் இணைப்பு எழும்பாமல் முரண்டு பிடிக்கும். அப்புறமும் 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தால் மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளையைக் கொடுங்கள், டயல்டோனுக்குக் காத்திராமல் எண்ணை அழுத்திவிடும். ஒரு குறை: உள்ளே இருக்கும் முக்கியக் கோப்பு மூலநிரல் இல்லாத 32-பிட் பைனரி, 64-பிட் லினக்ஸில் 32-பிட் நூலகங்களைத் தனியாகப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கோனெக்சன்ட் நிறுவனத்தின் சிப் என்றால் லினக்சன்ட் என்ற நிறுவனத்தின் எச்எஸ்எஃப் டிரைவர். இன்ஸ்டால் செய்வது சுலபம், ஆனால் இலவசப் பதிப்பு 14.4 கேபிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். ஒரு எம்பி இறங்கக் கிட்டத்தட்ட 10 நிமிடம். 56கே வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். கூடவே ஒரு பழைய கதை: 2004இல் இவர்கள் மாட்யூலின் (லினக்ஸின் மையமான கர்னலில் சேரும் டிரைவர் துண்டு) உரிமக் குறிப்பில் 'ஜிபிஎல்' (திறந்த மூல உரிமம்) என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்திருந்தது பிடிபட்டது. கர்னல் அந்தப் பூஜ்யத்தோடு படிப்பதை நிறுத்திவிடும், அதனால் மூலநிரல் மூடிய டிரைவரைத் திறந்த மூல டிரைவர் என்று நம்பிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம். இது முழு மோடம், டிரைவரே வேண்டாம், ஏடி கட்டளை அனுப்பினால் 'ஓகே' என்று பதில் வரும், முடிந்தது. கர்னல் மாறினாலும் இதற்குக் கவலை இல்லை, மேலே சொன்ன எச்எஸ்எஃப் டிரைவரின் மாட்யூலையோ ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டும். லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி மோடம் வாங்கலாம், ஆனால் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி குச்சிகளிலும் இதே அரை மோடம் ஒளிந்திருக்கும். செருகியதும் /dev கோப்புறையில் டிடிஒய்ஏசிஎம்0 (ttyACM0) என்ற சாதனம் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், தோன்றாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.