புத்தக ஆர்டர்: மார்க் கோப்பா, எடிஃபாக்டா, ஏ.பி.ஐ.யா?

புதுச்சேரியில் பிரெஞ்சுத் துறை உள்ள கல்லூரி என்றால் நூலகத்தின் ஆர்டர் பட்டியலில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் கலந்தே வரும். அதனால் நூலக மென்பொருளான கோஹாவை சப்ளையரின் கணினியோடு இணைக்க நினைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, தமிழ்த் தலைப்பு உருக்குலையாமல் மறுமுனைக்குப் போய்ச் சேருமா என்பதைத்தான்.

இணைக்க மூன்று வழி உண்டு: எடிஃபாக்ட், ஏ.பி.ஐ., மார்க் கோப்பு. எடிஃபாக்ட் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. 1980களில் ஐ.நா. வழியாக வந்த வணிகச் செய்தி வடிவம் அது. ஆர்டர், அதற்குப் பதில், பில் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் செய்தி உண்டு. கோஹாவிலேயே வசதியும் இருக்கிறது. மார்ச் கடைசியில் பில்கள் குவியும்போது பில் விவரம் தானாகவே ஏறிவிடுவது பெரிய நிம்மதி. ஆனால் அதில் பரவலாகப் புழங்கும் யு.என்.ஓ.சி. எழுத்துத் தொகுப்பு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1ஐச் சேர்ந்தது. பிரெஞ்சு எழுத்துகளின் மேற்குறிகள் தப்பிவிடும், தமிழ் ஓர் எழுத்துகூடப் போகாது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இருந்தால் சமாளிக்கலாம். அது இல்லாத பழைய பதிப்புக்கும் சிறு பதிப்பக வெளியீட்டுக்கும் தலைப்பை விட்டால் வேறு பிடிமானம் ஏது?

ஏ.பி.ஐ. என்பது இரு கணினிகளின் மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி. அதில் தகவல் பெரும்பாலும் ஜேசன் என்ற உரை வடிவத்தில், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யு.டி.எஃப்-8 குறியீட்டில் போகிறது, தமிழ் அப்படியே போய்ச் சேரும். இருப்பு உண்டா, இன்றைய விலை என்ன என்பதும் கையோடு தெரியும். சிக்கல் வேறு இடத்தில். ஆர்டரை அனுப்புகிறோம், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்ததா, இல்லையா? மறுபடி அனுப்பினால் ஒரே புத்தகம் இரண்டு மடங்காக வந்து இறங்கலாம். கோஹாவின் ஆர்டர் எண்ணையும் கூடவே அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் புது ஆர்டர் போடாமல் பழையதையே காட்டும்படி சப்ளையரின் கணினி இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரு சப்ளையருக்காக எழுதிய நிரல் அடுத்தவருக்கு அப்படியே உதவாது. சப்ளையர் தன் ஏ.பி.ஐ.யின் பதிப்பை மாற்றினால் நம் பக்கமும் கை வைத்தாக வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறாரா?

நூல் விவரப் பதிவுகளை நூலகங்கள் பரிமாறிக்கொள்ளும் வடிவமான மார்க் கோப்பு எளிமையானது. சப்ளையர் தரும் பதிவுகளிலேயே விலை, பிரதிகள், எந்த பட்ஜெட் என்பது இருந்தால் கோஹா அதை எடுத்து ஆர்டர் கூடையில் போட்டுவிடும். ஆர்டரை மட்டும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியிருக்கும்.

என் கணக்கு இது: எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வாங்கும் தமிழ்ப் புத்தக விற்பனையாளருக்காக ஏ.பி.ஐ. கனவு காண வேண்டாம், மார்க் கோப்பே போதும். கோப்பு தர அவரால் முடியாவிட்டால் பதிவை நாமே போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு சப்ளையர் ஏற்கெனவே எடிஃபாக்ட் தருகிறார் என்றால் அதைக் கலைக்காதீர்கள். ஆண்டு முழுக்க ஒரே சப்ளையரிடம் வாங்குகிறோம், நிரலைக் கவனிக்க ஆளும் உண்டு என்றால்தான் ஏ.பி.ஐ.க்குச் செலவழிப்பது நியாயம். அப்போதும் கையெழுத்துக்கு முன்னால் சோதனைத் தளத்தைக் கேட்டு வாங்கி, ஐ.எஸ்.பி.என். இல்லாத ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒரே ஆர்டர் எண்ணில் இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள்.