ஷார்ஜாவில் குவாட் பைக் ஹெட் வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பழைய ஹெட்டையே புதுசு என்று பில் போடுகிறார்கள்

துபாய், ஷார்ஜா பக்கம் குவாட் பைக் வைத்திருப்பவர்களும், அல் பதாயர் மணல்மேட்டுப் பக்கம் வாடகை வண்டிகளைப் பராமரிப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சனையாவில் (தொழிற்பேட்டைப் பகுதியில்) உள்ள ஒரு மெஷின் ஷாப், நாங்கள் கொடுத்த தேய்ந்த ஹெட்டையே (எஞ்சினின் மேல்பாகம், வால்வுகள் இருக்கும் இடம்) மெருகேற்றி, 'புது ஹெட், கேப்புடன்' என்று 2,400 திர்ஹாமுக்கு பில் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை நம்பி மாட்டி, யாராவது வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், மேட்டின் உச்சிக்கு ஏறும்போது எஞ்சின் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

வண்டி சுசுகி எல்டி-இசட்400. கவாசாகி கேஎஃப்எக்ஸ்400 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், எஞ்சின் ஒன்றுதான். இதில் மேலே, வால்வுகளைத் திறந்து மூட, இரண்டு கேம் ஷாஃப்ட். அவை சுற்றும் இடத்தில் பேரிங் எதுவும் கிடையாது. ஹெட்டின் அலுமினியமே கீழ்ப்பாதி, போல்ட் போட்டு இறுக்கும் கேப் மேல்பாதி. நடுவில் இருப்பது ஆயில் படலம் மட்டும். ஃபில்டரைத் தாண்டி மணல் உள்ளே போனாலோ ஆயில் குறைந்தாலோ முதலில் அடி வாங்குவது இந்த இடம்தான். ஹெட்டையும் கேப்பையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் துளை போடுகிறார்கள். அதனால் ஒரு ஹெட்டின் கேப் இன்னொன்றுக்குச் சேராது.

கேம் ஜர்னல் (கேம் ஷாஃப்டில் துளைக்குள் சுற்றும் பகுதி) விட்டம் 21.972 முதல் 21.993 மி.மீ. வரை இருக்க வேண்டும், துளை 22.012 முதல் 22.025 வரை. அதாவது இடைவெளி 0.019 முதல் 0.053 மி.மீ. வரை, கடைசி வரம்பு 0.150. எங்கள் ஹெட் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அளவெடுத்து எழுதிக் கொடுத்துத்தான் மாற்று ஹெட் போடச் சொன்னோம்.

திரும்பி வந்த ஹெட் பளபளவென்று இருந்தது. கவுண்டரில் இருந்தவர், "அண்ணே, கம்பெனி சாமான். சந்தேகமா இருந்தா கேஜ் வச்சுப் பாருங்க" என்று அவரே ஜர்னலின் மேல் பிளாஸ்டிகேஜ் இழையை (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து, கேப்பை இறுக்கிக் கழற்றிக் காட்டினார். இழை நசுங்கிய அகலத்துக்கு 0.04 மி.மீ. கணக்கு வந்தது. பார்ப்பவர் யாராக இருந்தாலும் திருப்தியாகிவிடுவார்கள்.

நான் கேப்பைத் திருப்பி அடிமுகத்தைப் பார்த்தேன். ஃபேக்டரியில் கடைந்த முகத்தில் ஒரே சீரான மெல்லிய கோடுகள் இருக்கும். இதில் குறுக்கும் நெடுக்குமாக எமரி தாள் கீறல்கள், ஓர் ஓரத்தில் அரம் போட்டு ராவிய தடம். அப்புறம் பிளக் துளையைப் பார்த்தேன். முன்பு த்ரெட் போனபோது நான் என் கையால் போட்ட ஹெலிகாயில் (போன த்ரெட்டுக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) அங்கேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் ஹெட்டேதான்.

இதில் இருக்கும் தந்திரம் என்னவென்றால், கேப்பின் அடியை ராவினால் கேப் கீழே இறங்கும். மேலும் கீழுமான இடைவெளி குறைந்துவிடும். பிளாஸ்டிகேஜ் இழையை உச்சியில் வைத்தால் அந்த ஒரு திசையைத்தான் காட்டும். பக்கவாட்டில் துளை தேய்ந்தபடியேதான் இருக்கும். போர் கேஜை (துளையின் விட்டம் அளக்கும் கருவி) நிமிர்த்தி வைத்தால் 22.02, படுக்க வைத்தால் 22.18. வட்டமாக இருக்க வேண்டிய துளை கோழிமுட்டை மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒரு துளையில் ஆயில் படலம் நிற்காது. கேம் எங்காவது ஒட்டிக்கொண்டால் டைமிங் செயினும் போகும், வால்வும் பிஸ்டனில் இடிக்கும்.

இதைவிட மோசம் ஒன்று. பளபளப்புக்காகக் கண்ணாடி மணி பிளாஸ்டிங் (பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சித் தேய்ப்பது) செய்திருக்கிறார்கள். ஆயில் துவாரங்களில் பெட்ரோல் ஊற்றி வெள்ளைத் துணியில் பிடித்தேன், பொடிப்பொடியாக விழுந்தது. அப்படியே மாட்டியிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே அத்தனையும் கேம் ஜர்னலில் ஏறியிருக்கும்.

வால்வு சீட் வேலை சுத்தமாக இருந்தது, பெட்ரோல் ஊற்றியும் கசியவில்லை. தொழில் தெரிந்தவர்கள்தான், தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

கேட்டபோது முதலில் சத்தியம் செய்தார்கள். ஹெலிகாயிலைக் காட்டியதும் "பையன் மாற்றிக் கொடுத்துவிட்டான்" என்றார்கள். சரி, அப்படியென்றால் அந்தப் புது ஹெட் எங்கே? அதற்குப் பதில் இல்லை. கூலியை மட்டும் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். பில் எங்கள் அர்பாப் (முதலாளி) பெயரில் இருக்கிறது. பொருளாதார மேம்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஹெட்டை வெளியே கொடுக்கும் முன் கண்ணில் படாத ஓர் இடத்தில் பஞ்சால் அடையாளக் குறி அடித்து, கேப்போடு சேர்த்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று ஹெட் போடச் சொன்னால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள், இல்லையென்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். இடைவெளியை இரண்டு திசையிலும் போர் கேஜில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சமீபத்தில் சனையாவில் இந்த எஞ்சினுக்கு 'புது ஹெட்' வாங்கி இன்னும் ஓட்டாமல் வைத்திருப்பவர்கள், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு கேப்பையாவது கழற்றி அடிமுகத்தைப் பார்த்துவிடுங்கள்.